சந்தியில் நாலு பரப்புக் காணி: பூட்சிற்றிக்கா, ஊர்க் கடைகளுக்கா, சங்கத்துக்கா?

அம்மாவின் சீதனக் காணி நாலு பரப்பு, அதாவது ஏறக்குறைய கால் ஏக்கர். யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில், ஏ-9 வீதியில் இருந்து எங்கள் ஊருக்குள் திரும்புகிற சந்தியில் இருக்கிறது. முன்னுக்கு ஒரு வேம்பு, பின்னுக்கு இரண்டு தென்னை, மற்றதெல்லாம் பற்றை. அம்மா போன பிறகு அது எங்கள் மூன்று பேருக்கும் பொதுவாக நிற்கிறது. அண்ணா டொரொன்டோவில், அக்கா லண்டனில், ஊரில் நான் மட்டும். இந்த வருடம் பங்குனியில் ஒரு சுப்பர் மார்க்கெட் நிறுவனத்தில் இருந்து இரண்டு பேர் வந்து, நாடா பிடித்து அளந்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு கிழமையில், பதினைந்து வருடக் குத்தகைக்குக் கேட்டு ஒரு வரைவு வந்தது. (பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஊரில் அதற்குப் பூட்சிற்றி என்றுதான் பெயர். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

நாங்களே சின்னக் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டால் கிடைக்கக்கூடியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தருகிறார்கள். கட்டடமும் அவர்கள் செலவு. அண்ணா அன்றைக்கே சம்மதம். அக்கா, "ஊரில இருக்கிறது நீதானே, நீ யோசிச்சுச் சொல்லு" என்றார்.

யோசித்தேன். நாலு பேரிடம் கேட்டேன், கொஞ்சம் படித்தேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு வீதியோரக் காணி வைத்திருக்கிற எத்தனையோ குடும்பங்களுக்கு இதே கேள்வி வரும் என்பதால், யோசித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் முன்னால் இருந்த வழிகள் மூன்று: முழுக் காணியையும் பூட்சிற்றிக்குக் கொடுப்பது, ஐந்தாறு கடைகள் கட்டி ஊராருக்கு விடுவது, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுப்பது. பிரதேச சபை இப்படியான பெரிய கடைகளைத் தடுக்க வேண்டும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

கொப்பி இருக்கிற கடை

எங்கள் சந்தியில் இப்போது ஐந்து பலசரக்குக் கடைகள். அதில் ஒன்றில் நான் சின்ன வயதிலிருந்து சாமான் வாங்குகிறேன். கடைக்கார அண்ணை, அவருடைய மனைவி, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மகன், மூட்டை இறக்க ஒரு பெடியன். மேசைக்குக் கீழே நீளமான ஒரு கொப்பி. வீட்டுக்கு ஒரு பக்கம். பென்சிலால் எழுதுவார், காசு வந்ததும் குறுக்கே ஒரு கோடு. சிலருக்கு வெங்காயம் கிண்டி விற்றதும் கோடு விழும், சிலருக்கு வெளியில் இருந்து காசு வந்ததும். ஆறு மாதமாகக் கோடு விழாத பக்கங்களும் உண்டு.

அந்தக் கடையில் போன கிழமை அரை மணித்தியாலம் நின்று பார்த்தேன். ஒரு ஆச்சி எட்டு முட்டையும் ஒரு கட்டு முருங்கைக்காயும் கொண்டுவந்தார். அண்ணை எண்ணி எடுத்துக்கொண்டு, அந்தப் பெறுமதிக்கு அரைக் கிலோ சீனியும், நூறு கிராம் தேயிலையும், ஒரு சவர்க்காரமும் கொடுத்தார். மிச்சம் பதினைந்து ரூபாயைக் கொப்பியில் ஆச்சியின் பக்கத்தில் கழித்தார். ஆச்சி அங்கே வாங்கியும் போனார், விற்றும் போனார். ஊர்க் கடை என்பது விற்பதோடு நிற்காமல் ஊரில் விளைவதை வாங்கவும் செய்கிறது என்பதை இவ்வளவு நாளும் நான் கவனித்ததே இல்லை. எட்டு முட்டையோடு போய் நின்றால் எந்தப் பூட்சிற்றியும் அதை வாங்காது. அவர்களுடைய முறைக்கு அது சரிவராது, அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

2022இல் பொருட்களின் விலை தலைதெறிக்க ஏறியபோது, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி அந்த வருடம் புரட்டாதியில் பணவீக்கம் 69.8 வீதம் வரை போனபோது, எங்கள் ஊரில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்தக் கொப்பியால்தான். பால்மா பக்கற்றை உடைத்து ஐம்பது கிராம், நூறு கிராம் என்று சரை கட்டிக் கொடுத்தார்.

ஆனால் ஊர்க் கடை என்றால் எல்லாம் நல்லது என்று எழுதினால் அது பொய். அதே 2022இல் பால்மாவையும் சீனியையும் பின் அறையில் வைத்துக்கொண்டு "இல்லை" என்று சொன்ன கடையும் எங்கள் சந்தியில் இருந்தது. பக்கற்றில் அச்சிட்ட விலையை அழித்து விற்றதையும் பார்த்திருக்கிறேன். பூட்சிற்றியில் பில் வரும், நிறை சரியாக இருக்கும், காலாவதித் திகதியைப் பார்த்து எடுக்கலாம், அட்டைக்குக் கழிவு கிடைக்கும். கையில் காசோ அட்டையோ இருக்கிற குடும்பத்துக்கு அது உண்மையான இலாபம். அன்றன்றைக்கு உழைத்துச் சாப்பிடுகிற குடும்பத்துக்கு அந்தப் பத்து ரூபாய் மிச்சத்தை விடக் கொப்பியில் ஒரு பக்கம் இருப்பது பெரிது.

வேலை கூடுமா, குறையுமா

ஆட்கள் வந்தபோது முதலில் சொன்னது, "உங்கட ஊர்ப் பிள்ளையளுக்கு முப்பது வேலை வரும்" என்பது. இதைச் சும்மா தட்டிவிட முடியாது. யாழ்ப்பாண நகரத்துக் கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே வேலை செய்கிற எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகளை எனக்குத் தெரியும். சம்பளம் கையில் காசாக வரும். வேலையை விட்ட பிறகு கைக்கு வருகிற சேமலாப நிதி என்ற பேச்சே இராது. சட்டப்படி முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போக வேண்டும். அதற்கு மேல் முதலாளி 3 வீதம் ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கட்ட வேண்டும். 2026 ஜனவரியில் இருந்து சட்டப்படியான ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதை வைத்துப் பார்த்தாலும் ஒரு பிள்ளையின் பெயரில் மாதம் 6,900 ரூபாய் சேர வேண்டும். வருடத்துக்கு 82,800. சின்னக் கடைகளில் பத்து வருடம் வேலை செய்தும் பெயரில் ஒரு சதமும் சேராத பெண்கள் இருக்கிறார்கள். பூட்சிற்றி மாதிரிப் பல ஊரில் கிளை வைத்திருக்கிற சங்கிலிக் கடைகளில் இது ஒழுங்காகக் கட்டப்படுகிறது. ஊர்க் கடைக்காக வாதாடுகிற நாங்கள் இந்த இடத்தில் தலை குனியத்தான் வேண்டும்.

சரி, முப்பது வேலை வருகிறது. எத்தனை போகும்? எங்கள் நாட்டுக் கிராமச் சந்திகளை வைத்து இதை அளந்த ஆய்வு எதுவும் என் கையில் அகப்படவில்லை. அமெரிக்காவில் வோல்மார்ட் என்ற பெரிய சங்கிலிக் கடையை வைத்து நிறைய அளந்திருக்கிறார்கள். எமெக் பாஸ்கர் என்ற பொருளியலாளர் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு வோல்மார்ட் வருகிற வருடத்தில் அந்த மாவட்டத்தில் சில்லறை வியாபார வேலை நூறு அளவு கூடுகிறது; அடுத்த ஐந்து வருடத்தில் மற்றக் கடைகள் சுருங்கியும் மூடியும் போக, அதில் பாதி கரைந்துவிடுகிறது; மொத்த வியாபாரத்தில் ஒரு இருபது வேலையும் போய்விடுகிறது. 2008இல் டேவிட் நியூமார்க்கும் அவருடன் சேர்ந்த இருவரும் வேறு முறையில் கணக்குப் பார்த்து, வோல்மார்ட்டில் ஒருவருக்கு வேலை கிடைக்கும்போது மற்றச் சில்லறைக் கடைகளில் 1.4 பேருக்கு வேலை போகிறது என்றார்கள். ஒருவர் கொஞ்சம் கூடும் என்கிறார், மற்றவர்கள் குறையும் என்கிறார்கள். ஆனால் முதல் வருடத்து எண்ணிக்கையை நம்பக் கூடாது என்பதில் இரண்டு கணக்கும் ஒத்துப்போகின்றன.

எங்கள் சந்திக்கு வந்தால் இன்னொரு சிக்கல். அங்கே எண்ணியது சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களை. இங்கே கடைக்கார அண்ணையோ அவர் மனைவியோ எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லை. அந்தக் கடை மூடினால் யாருக்கும் "வேலை போனதாக" எங்கும் பதிவாகாது. பெடியன் ஒருவன் மட்டும் வேறு வேலை தேடுவான். ஆனால் ஒரு குடும்பத்தின் முழுச் சீவியமும் போயிருக்கும். ஐம்பத்தைந்து வயது மனுசனைப் பூட்சிற்றியில் காசாளராக எடுக்க மாட்டார்கள். அங்கே எடுப்பது இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளை. அவர்களுக்கு வேலை கிடைப்பது நல்லதுதான். ஒருவருக்குக் கிடைத்ததை வைத்து மற்றவருக்குப் போனதைக் கழித்து விட முடியாது என்பதுதான் என்னைச் சங்கடப்படுத்துவது.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்துக் கென்னத் ஸ்டோன் 1980களின் கடைசியில் இருந்து அந்த மாநிலத்துச் சின்ன ஊர்களைப் பார்த்து எழுதியது எனக்கு ஆகக் கூடுதலாக உதவியது. பெரிய கடை வந்த ஊரில் எல்லாக் கடைகளையும் சேர்த்துப் பார்த்தால் வியாபாரம் கூடுகிறது. அதே சாமானை விற்கிற கடைகள் அடிபடுகின்றன. அது விற்காததை விற்கிற கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் கூட்டத்தால் பிழைத்துக்கொள்கின்றன. பெரிய கடை வராத பக்கத்து ஊர்கள்தான் மோசமாக அடிவாங்குகின்றன. எங்கள் சந்தியில் இதைப் பொருத்திப் பார்த்தேன். சலூன், சைக்கிள் கடை, போன் திருத்துகிற கடை, தேத்தண்ணிக் கடை தப்பும். மீன் சந்தைக்கும் பயமில்லை. காலையில் வந்த மீனை விட்டுவிட்டு எங்கள் சனம் ஐஸ் பெட்டிக்குள் இருக்கிற மீனை வாங்காது. ஐந்து பலசரக்குக் கடையில் இரண்டு நிற்கலாம். அடிவாங்கப் போவது உள்ளுக்குள் இருக்கிற சின்னக் குறிச்சிகளின் ஒற்றைக் கடைகள்.

தோட்டக்காரர் பக்கம்

இதில் பூட்சிற்றிக்குச் சாதகமாக ஒரு நியாயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சந்தைகளுக்கு மரக்கறி கொண்டுபோகிறவர்களிடம் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு என்று எடுக்கிற வழக்கத்தைப் பற்றி எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை முறை நிறுத்தச் சொன்னார்கள் என்பது தோட்டக்காரருக்குத் தெரியும். வெயிலில் குனிந்து கிண்டினவனிடம் பத்தில் ஒன்றைச் சும்மா எடுப்பது அநியாயம். சங்கிலிக் கடைகள் நேரடியாக வாங்கினால் அது இல்லை. பூட்சிற்றி என்ற பெயரிலேயே கடைகள் நடத்துகிற கார்கில்ஸ் நிறுவனம் 1999இல் ஹங்குராங்கெத்தயில் சேகரிப்பு நிலையம் திறந்து தோட்டக்காரரிடம் நேரே வாங்கத் தொடங்கியது. நிறுத்த நிறைக்கு முழுக் காசு, விலை முன்கூட்டியே தெரியும்.

ஆனால் தரம் பிரிப்பார்கள். ஒரே அளவு, ஒரே நிறம். தள்ளுபடியான மிச்சத்தைக் கொண்டு அதே தோட்டக்காரர் கொடிகாமம் சந்தைக்கோ சாவகச்சேரிச் சந்தைக்கோதான் போக வேண்டும். ஆகவே சந்தை உயிரோடு இருந்தால்தான் பூட்சிற்றிக்கு விற்பதும் அவருக்குக் கட்டுப்படியாகும். அதோடு, எங்கள் சந்தியில் கடை திறந்தால் எங்கள் தோட்டத்து மரக்கறி அந்தத் தட்டில் இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. தம்புள்ளையில் இருந்து லொறியில் வருவது அவர்களுக்கு மலிவென்றால் அதுதான் வரும். 1977இல் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து எங்கள் தோட்டங்களை அடித்ததை அப்பா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். வரைவில் உள்ளூர்க் கொள்வனவு பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பத்தாவது பந்தி

அந்த வரைவை நொத்தாரிசு ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பத்தாவது பந்தியில் விரலை வைத்தார். "பிள்ளை, இதை வடிவா வாசியும்." நாங்கள் பதினைந்து வருடம் கட்டுப்பட வேண்டும். அவர்கள் மூன்று மாத அறிவித்தலோடு எந்த நேரமும் போகலாம். அடுத்த பந்தியில், குடும்பத்துக்கு அக்கம்பக்கத்தில் வேறு காணி இருந்தால் அதையும் இதே வகை வியாபாரத்துக்கு விடக் கூடாது என்று இருந்தது.

வட கரோலினாவில் ஓரியண்டல் என்று ஒரு ஊர், சனத்தொகை தொள்ளாயிரம் அளவு. 2014இல் அங்கே வோல்மார்ட்டின் சின்னக் கடை ஒன்று திறந்தது. பல பத்து வருடமாக இருந்த ஊர் மளிகைக் கடை தாக்குப்பிடிக்க முடியாமல் 2015இல் மூடியது. 2016 ஜனவரியில் வோல்மார்ட் அமெரிக்காவில் மட்டும் 154 கடைகளை மூடுவதாக அறிவித்தபோது அந்த ஊர்க் கடையும் பட்டியலில் இருந்தது. இரண்டு வருடத்துக்குள் அந்த ஊருக்கு இரண்டு கடையும் இல்லை. பத்தாவது பந்தியை வாசித்தபோது எனக்கு அந்த ஊர்தான் நினைவில் வந்தது.

அமெரிக்காக்காரர் காரை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். எங்களுக்கு வேறு அனுபவம் இருக்கிறது. போர்நிறுத்தத்தோடு 2002இல் திறந்த ஏ-9 வீதி, தெற்கோடு எங்களை இணைக்கிற அந்தத் தரைவழி, சண்டை மறுபடி தொடங்கியதும் 2006 ஆவணியில் முகமாலையோடு மூடியது. லொறி நின்றது. அதற்குப் பிறகு கப்பலில் வந்த அரிசியையும் மாவையும் குடும்ப அட்டைக்குப் பங்கிட்டுத் தந்தது கூட்டுறவுச் சங்கக் கடைகள். மிச்சத்துக்கு ஊர்க் கடைக்காரர் எங்கெங்கோ தேடிக் கொண்டுவந்தார்கள். தெற்கில் இருந்து தினமும் வருகிற ஒரு லொறியை மட்டும் நம்பி ஊரின் சாப்பாடு இருப்பது எனக்குப் பயம். அந்த நாட்கள் திரும்பி வராமல் இருக்கட்டும். ஆனால் வரிசையில் நின்றவர்களுக்கு அது மறக்காது.

சங்கம்

கூட்டுறவுக்குக் கொடுப்பது பற்றிச் சொன்னதும் அண்ணா போனிலேயே கோபப்பட்டார். அவருக்கு நினைவில் இருப்பது தூசி பிடித்த றாக்கையும், "சாமான் முடிஞ்சுது" என்கிற மனேஜரும். அவர் சொல்வதில் பிழை இல்லை. 1970களின் தொடக்கத்தில் ஊர் ஊராக இருந்த சின்னச் சங்கங்களைப் பெரிய பலநோக்குச் சங்கங்களாகச் சேர்த்தபோதே "இது எங்கள் சங்கம்" என்ற எண்ணம் குறைந்துவிட்டது. பங்கீட்டுக் காலம் முடிந்த பிறகு போட்டிக்கு ஈடுகொடுக்கவும் பழகவில்லை. முடிவு எடுக்க ஒரு கூட்டம், அதை உறுதிப்படுத்த இன்னொரு கூட்டம்.

ஆனாலும் மூளாயில் ஆஸ்பத்திரியையே கூட்டுறவாக நடத்திக் காட்டிய மண் இது. கோப் சிற்றி என்ற பெயரில் பூட்சிற்றி மாதிரியே தட்டுகளும் கணினி பில்லும் வைத்து நடத்துகிற சங்கங்களும் இருக்கின்றன. ஊழியருக்குச் சேமலாப நிதி உண்டு. இலாபம் வந்தால் அங்கத்தவருக்கு. இந்த இரண்டும் சேர்ந்து இருக்கிற இடம் மற்ற இரண்டு வழியிலும் இல்லை. வாடகை மட்டும் குறைவு.

பிரதேச சபை தடுக்கட்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரான்சில் 1973இல் சட்டம் போட்டுப் பெரிய கடைகளுக்கு உள்ளூர்க் குழுவின் அனுமதியைக் கட்டாயமாக்கினார்கள். பின்னாளில் பெர்த்ராண்ட், கிராமார்ஸ் என்ற இருவர் ஆராய்ந்து, அந்தக் கட்டுப்பாடு சில்லறை வியாபாரத்தில் வேலைவாய்ப்பு வளர்வதை மந்தமாக்கியது என்று 2002இல் எழுதினார்கள். தடை போட்டால் ஊர்க் கடை தானாகத் திருந்தாது. விலையை அழித்து விற்றவர் இன்னும் துணிவாக அழிப்பார்.

என் முடிவு

அண்ணாவின் பெரிய வாதம் இதுதான்: "நாங்கள் குடுக்காட்டி முன்னுக்கு இருக்கிறவர் குடுப்பார்தானே. பிறகு எங்களுக்கு வாடகையும் இல்லை, கடைகளும் மூடும்." இது என்னை இரண்டு கிழமை நித்திரை கொள்ள விடவில்லை, ஏனென்றால் அது உண்மை. எதிர்க் காணி மூன்று பரப்பு, உரிமையாளர் சுவிஸில்.

ஆனால் அதையே இன்னொரு பக்கத்தில் இருந்து பார்த்தேன். பூட்சிற்றி எதிரே வராவிட்டால், எங்கள் காணியில் ஊர்க் கடைகள் இருப்பது நல்லது. எதிரே வந்துவிட்டால், அதைப் பார்த்து நிற்கிற எங்கள் காணி இன்னும் நல்ல இடம்; அயோவாவில் பிழைத்த கடைகள் பெரிய கடையின் கூட்டத்தில்தான் பிழைத்தன. இரண்டு வகையிலும் நாங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: காணியைப் பதினைந்து வருடத்துக்கு ஒரே கையில் கொடுக்காமல் இருப்பது.

ஆகவே நான் சொல்வது: இரண்டு பரப்பைச் சங்கத்துக்கு, கோப் சிற்றி போடுவதென்றால் மட்டும், ஐந்து வருடக் குத்தகை. ஒன்றரைப் பரப்பில் நாலு சின்னக் கடை. எடுக்கிறவர் வேலைக்கு ஆள் வைத்தால் சேமலாப நிதி கட்ட வேண்டும் என்று குத்தகையிலேயே எழுதுவது. அச்சிட்ட விலைக்கு மேலே விற்றால் குத்தகை முடியும் என்றும் எழுதச் சொல்லிவிட்டேன். மிச்ச அரைப் பரப்பு வேம்புக்குக் கீழே, காலையில் மரக்கறியோ முட்டையோ கொண்டுவருகிறவர்களுக்கு, கழிவும் வாடகையும் இல்லாமல். வருமானம் பூட்சிற்றி தருவதில் பாதிதான் வரும், கட்டடத்தையும் நாங்களே கட்ட வேண்டும். அதை மறைக்கவில்லை. வாடகையை நம்பிச் சீவிக்கிற குடும்பமாக இருந்திருந்தால் இந்தத் தெரிவை என்னால் செய்ய முடியாது, அப்படிப்பட்டவர்கள் பூட்சிற்றிக்குக் கொடுத்தால் நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது: குத்தகையை ஐந்து வருடமாக்கிப் புதுப்பிக்கக் கேளுங்கள், வெளியேறுகிற அறிவித்தல் காலத்தை இரண்டு பக்கமும் ஒன்றாக்கச் சொல்லுங்கள், அக்கம்பக்கக் காணிகளைக் கட்டுகிற பந்தியை வெட்டச் சொல்லுங்கள். காணி அவர்களுக்குத் தேவையாக இருக்கும்போதுதான் இதைக் கேட்க முடியும்.

சங்கத் தலைவரைப் பார்த்துப் பேசினேன். அடுத்த மாதக் கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார். கடைக்கார அண்ணையிடமும் சொன்னேன். அவர் கொப்பியை மூடி வைத்துவிட்டு, "எனக்கு ஒரு கடை எடுத்து வை பிள்ளை, மகனுக்கு" என்றார். நேற்று இரவு பத்தாவது பந்தியைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் இரண்டு பேருக்கும் போட்டேன். அக்கா தன் பங்குக்கு அத்திவாரச் செலவைத் தருகிறேன் என்று எழுதியிருக்கிறார். அண்ணா பார்த்துவிட்டார், இன்னும் பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை எடுப்பார்.